இருப்பு தீரும் வரை

சனிக்கிழமை விடுதலை.
திங்கட்கிழமை கவுன்டரைத் திறந்தோம்,
பினாங்கு அஞ்சலகம், மூன்றாம் சன்னல்.
மெர்டேக்கா கத்தித் தொண்டை கட்டிய ஹம்சா
பக்கத்துச் சன்னலில் சைகையிலேயே விற்றுக்கொண்டிருந்தார்.

சட்டையில் மிளகு மூட்டை வாசத்தோடு
காத்தமுத்து வந்து நின்றார்.
நாகப்பட்டினத்துக்கு ஒரு கடிதம்.
அனுப்புநர்: குயின் ஸ்ட்ரீட்.

ஒரு தலையைக் கிழித்துக் கொடுத்தேன்,
வெள்ளிக்கிழமை விற்ற அதே தலை.
“கொடியத்தான் எறக்கியாச்சே,
இந்தம்மா ஏன் இன்னும் இங்க?”
“இருப்பு தீரணும் அண்ணே.
அலமாரியில நாலு கட்டு கிடக்கு.”
ராணியின் முதுகை நாக்கால் நனைத்துக்
கோணலாக ஒட்டினார்.

பதினோரு வருஷத்துக்கு முன்,
அப்போது ராஜா முகம்,
என் மணிக்கட்டைப் பிடித்து
ஒரு துரை பழக்கினார்:
ஓரத்தில் குத்து.
மூக்கில் மை படக்கூடாது.

துரை போன வாரமே கப்பலேறிவிட்டார்.
யாரும் பார்க்கவில்லை.
முத்திரையை மையில் நன்றாக ஒற்றி
ஓங்கினேன்.

செப்டம்பர் 2
ஓரத்தில்தான் விழுந்தது,
கிரீடத்துக்கு ஒரு நூல் தள்ளி,
மிக ஒழுங்காக.
இந்தக் கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல.

காத்தமுத்து கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.
மீதி ஐந்து காசு. அதிலும் அவள்தான்.
எண் மேலே வரும்படி புரட்டி
சுருட்டு டப்பாவில் போட்டு அழுத்தி மூடினார்.
போகிறவர் திரும்பி வந்தார்:

“தம்பி, குடியுரிமை பாரம்
எந்தச் சன்னல்ல குடுக்குறாங்க?”

இங்கே இல்லை என்றேன்.
எங்கே என்று
எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.