தெரிநிலைப் பதிவேடு

ஓடுபாதை முடிகிற இடத்திலிருந்து
புல்லுக்குள் முந்நூறு மீட்டர் தள்ளி
ஒரு தார் டிரம்.
வெள்ளைப் பெயின்ட் அடித்து நிறுத்தியவன் ஹாலன்.
அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது
என் வேலை.
தெரிந்தால் 'ஆம்'.
தெரியாவிட்டால் 'இல்லை'.
காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை மணிக்கொரு தடவை,
நாளுக்கு நானூற்று எண்பது ரூபாய்.
மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வாரம் இரண்டு முறை
பத்தொன்பது இருக்கை விமானம் ஒன்று வருகிறது.
வந்தால்.
இனிமேல் பெரியது வருமாம், நூற்றெண்பது பேரோடு.
அதற்கு இந்தப் பாதை பற்றாது.
சதுப்பை மூடி, புல்மேட்டைச் சீவி,
அந்தப் பக்கத்துச் சோலையின்
முதல் வரிசை மரங்கள்வரை நீள வேண்டும்.
வருவாய்த்துறை ஏட்டில்
இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே பெயர்:
தரிசு.

எங்கள் ஹட்டிக் குழாயில் தண்ணீர் நின்ற ஒரு ஏப்ரலில்
பைப்பைத் தடவிக்கொண்டே மேலேறிப் போன பெத்தன்
முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்தான்.
மறுமுனை அந்தத் தரிசில்தான் இருக்கிறது.

ஜூன் முழுக்க நான் எழுதியது ஒரே வார்த்தை.
இல்லை. இல்லை. இல்லை.
பக்கம் புரட்டினால் அங்கும் இல்லை.
வீட்டில் இதை மஞ்சு என்போம்.
மஞ்சு இறங்கிவிட்டது, துணியை எடு என்போம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில்
அறிக்கையின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை
மைக்கில் படித்தாள், தேயிலை எடைபோடும் கெப்பி:
'திட்டப் பகுதியில் பனை பதினான்கு, தென்னை ஒன்பது.'
கூடமே சிரித்தது. கலெக்டர் ஆபீஸ் டிரைவரும் சிரித்தார்.
தட்டச்சுப் பிழை என்றார் மேடையில் ஒருவர்.
வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும்
பத்துக் கன்று நடுவோம் என்றார்.
'புல்லுக்கு?'
அவர் பேப்பரைத் திருப்பினார்.
பின்பக்கம் காலி.

நானும் ஒன்றும் பேசவில்லை.
என் அக்காவை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ்
குஞ்சப்பனை வளைவில் லாரிக்குப் பின்னால் நின்றது,
நாற்பது நிமிடம்.
விமானம் வேண்டும் என்று கைதூக்கியவர்களில்
என் அத்தானும் ஒருவர்.
அவரிடம் போய், நூற்றெண்பது இருக்கையில்
ஸ்ட்ரெச்சருக்கு எது என்று
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்டில் ஹாலன் டிரம்முக்கு மறுபடி பெயின்ட் அடித்தான்.
காயவில்லை.
பதினொரு மணிக்குப் பார்க்கிறேன்,
டிரம் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு மேடு.
காட்டெருமை.
அவசரமே இல்லாமல் விலாவைத் தேய்க்கிறது,
இடப்பக்கம் முடித்து வலப்பக்கம்.
தெரிவது டிரம் இல்லை.
ஆனால் மஞ்சும் இல்லை.
கட்டத்தில் ஒரு கோடு போட்டுவைத்தேன்.

எஞ்சினியர் அருள்செழியன் கெட்டவர் இல்லை.
குளிரில் உதடு வெடித்து, வெண்ணெய் தடவிக்கொண்டு,
சேலத்திலிருக்கும் குழந்தையை
நெட்வொர்க் கிடைக்கிற ஒரே பாறைமேல் நின்று கொஞ்சுவார்.
நேற்று பதிவேட்டைப் புரட்டிவிட்டு,
'அக்கா, இந்த ஜூன் மாசத்தை மட்டும் கொஞ்சம்...'
வாக்கியத்தை முடிக்கவில்லை.
பென்சிலையும் ரப்பரையும்
மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இன்று கடைசி நாள்.
மாலை ஆறு.
ஓடுபாதையின் முனைகூடத் தெரியவில்லை.
என் கையே பாதி தெரிகிறது.
தவளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன,
சத்தமாக.

அப்போது அந்த வெள்ளை தெரிந்தது.
டிரம்மைவிடக் கிட்டத்தில்,
ஆள் நெஞ்சு உயரத்தில்.
மூச்சு வாங்கியது.

'ஆம்' என்று எழுதினேன்,
பேனாவால்.
குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில்,
மூன்று மாதமாக யாரும் நிரப்பாத கட்டத்தில்,
இடம் பத்தாமல் ஓரத்திலும் எழுதினேன்:
வெள்ளை நகர்கிறது.
சதுப்பை நோக்கிப் போகிறது.