எத்தனை அடி மறைக்கணும்

"எத்தனை அடி மறைக்கணும்?" என்றார் நர்சரி சிக்கந்தர்.
பக்கத்து வீட்டு மாடிப்படியைச் சொன்னேன்.
பதினொரு படி, ஒரு திருப்பம், இன்னும் ஏழு.
எண்ணி வைத்திருந்தேன்.
அந்தத் திருப்பத்தில் நின்றால்
எங்கள் கொல்லை முழுக்கத் தெரியும்:
துவைக்கிற கல், வாழை இரண்டு,
தரையில் ஊன்றிய இரும்புக் குழாய்களுக்கு நடுவே
வலது காலை இழுத்து இழுத்து
சாத்தப்பன்.

யாரும் சிரித்ததில்லை.
அடைக்கலராஜ் வீட்டில் எல்லாரும் நல்ல மாதிரி.
செல்போனைப் பார்ப்பதுபோல் படியிறங்குவார்கள்.
அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை.
"பாக்காம எறங்குறதப் பாரு" என்பார்,
பாதி வாயால்.

நெட்டிலிங்கம் நேராகப் போகும், இடம் அடைக்காது.
மாடித் திருப்பத்தை எட்ட மூன்று வருஷம்.
டாக்டர் எங்களுக்குக் கொடுத்ததோ ஆறு மாதம்;
அதற்குள் வந்தால் நடை,
பிறகு வருவதெல்லாம் சமாளிப்பு.

கிளுவைப் போத்து ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும்,
காசும் கிடையாது.
சித்திரையில் இலையைக் கொட்டிவிட்டு
முள்ளும் எலும்புமாக நிற்கும்.
ஊர்ஜனம் மாடிக்குக் காற்று வாங்க வருவதும்
சித்திரையில்தான்.

மூங்கில் என்றால் குழி பெரிதாக வேண்டும்.
புதுவயல் செம்புறாங்கல்லில் இறங்க
கடப்பாரையே இரண்டு தரம் யோசிக்கும்.
தகரம் அடித்தால் கொல்லை அடுப்பாகிவிடும்.
காரைக்குடிப் பழைய சாமான் கடையில்
ஒரு தேக்குக் கதவு, நிலையோடு, வீடு இல்லாமல்.
"தோட்டத்துல நிறுத்துங்க, ஓட்டல்காரங்க அப்படித்தான் செய்றாங்க."
அவன் சொன்ன விலைக்கு
அடைக்கலராஜ் குடும்பத்தையே
வேறு ஊரில் குடிவைத்துவிடலாம்.

"அரளி வைங்க ஆச்சி. ஆடு தொடாது,
தண்ணி கேக்காது, வருஷம் முழுக்கப் பூ."
வேண்டாம்.
"சின்னப் புள்ளைக இருக்கா வீட்ல?"
இல்லை.
"பெறகென்ன?"
அரளி வேண்டாம்.
பங்குனியில் ஒரு ராத்திரி
இவர் சுவரைப் பார்த்துச் சொன்னதை
நான் யாரிடமும் சொன்னதில்லை.
சிக்கந்தர் என் முகத்தைப் பார்த்தார்.
அரளித் தொட்டிகளைக் காலால் பின்னுக்குத் தள்ளினார்.
"நொச்சி" என்றார்.

முழத்துக்கு ஒன்றாகப் பதினெட்டுக் கன்று.
வளரும்வரை மறைக்கப் பச்சை வலை
மீட்டர் கணக்கில் வாங்கிக் கட்டினேன்.
ஆடிக்காற்று ஒரு வாரம் அதை அறைந்து பார்த்தது,
எட்டாம் நாள்
அரிசி ஆலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது.
நொச்சி அப்போது இடுப்பளவு.
ஆலையின் உமிக்கரி வந்து இலைமேல் உட்காரும்,
சாயங்காலம் கழுவிவிடுவேன்,
காலையில் மறுபடி உட்கார்ந்திருக்கும்.

ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் எதுவும் சொல்லவில்லை.

கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருநாள்
படித் திருப்பத்தில் தலைகள் மட்டும் தெரிந்தன,
பிறகு அதுவும் இல்லை.
அன்று இவர் பனியனைக் கழற்றிப் போட்டு நடந்தார்.
விழுந்தார்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.
ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை.

மார்கழியில் பக்கத்து வீட்டில் சண்டை.
மருமகள் ஆரோக்கியமேரி குரல்,
ஒரு பாத்திரம், இன்னொரு பாத்திரம்,
பிறகு சத்தமே இல்லை.
தோசைக்கல்லை விட்டுக் கொல்லைக்கு வந்தால்
குழாய்களுக்கு நடுவே ஆள் இல்லை.
கைத்தடி துவைக்கிற கல்மேல் கிடக்கிறது.
இவர் எட்டடி தள்ளி, வேலியோரம்,
எதையும் பிடிக்காமல் நிற்கிறார்;
பிடித்திருந்த ஒரே கை
நொச்சியை விலக்கிக்கொண்டிருந்தது.

எப்படி அங்கே போனீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.
"ஸ்ஸ்" என்றார். "நகை விசயம்."

தோசை கருகும் வாசனை வந்தது.
"கொஞ்சம் தள்ளுங்க" என்றேன்.

பொங்கலுக்கு முன்னால்
கிளை கழிக்க வந்தார் சிக்கந்தர்.
எல்லாம் அடர்த்தியாக இருக்க, ஓரிடத்தில் மட்டும்
முகமளவு ஓட்டை.
இலையைப் புரட்டிப் பார்த்தார்.
"பூச்சியா?"

"பூச்சிதான்" என்றார் சாத்தப்பன்.
"மருந்தடிக்க வேணாம். இருந்துட்டுப் போகுது."