பிழைப் படிவம்: மயிர், ஒன்று

கண்ணாடிக்குக் கீழே
பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்
குறுக்கே கிடந்தது.
நான்கு மில்லிமீற்றர். கறுப்பு.

பீல் நகரத்தின் இந்தத் தூசில்லா அறையில்
பதினான்கு மேசைகள்,
பொன், சாம்பல், பழுப்பு, ஒரு சாயச் சிவப்பு.
கறுப்பு யாருடையது என்று
மதாம் ரோஸ்லே கேட்கவில்லை.
உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே
படிவத்தை என் பக்கம் தள்ளினார்.
பிழையின் வகை: மயிர். எண்ணிக்கை: ஒன்று.

பிரெஞ்சில் அது வெறும் சொல்.
எங்கள் சந்தியில் அதைச் சொல்லித்தான்
ஆளை ஏசுவார்கள்.
ஒன்றா?
விடியற்காலையில் குளியலறைச் சல்லடையிலிருந்து
நான் அள்ளியதை அவர் காணவில்லை.
முழுப்பெயரில் கையொப்பமிட்டேன்.

தண்ணீர்தான், என்றார்கள் கோயிலில்.
சுவிஸ் தண்ணீர் முழுக்கச் சுண்ணாம்பு,
உன் கேத்திலுக்குள் எட்டிப் பார்.
ஷாம்பூ, என்றாள் யசோமதி.
கண்ணூறு, என்றாள் அவள் தாய்.
பாசலில் இருக்கிற மச்சாள்
எண்ணெய் அனுப்பினாள்,
கரிசலாங்கண்ணி, நெல்லி, இன்னும் பதினாறு.
மூடி கழன்று பெட்டி ஊறி
தபால்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துத் தந்தார்.
வெங்காயச் சாறும் பூசினேன்.
ஒரு கிழமை
ரயிலில் என் பக்கத்து இருக்கை காலி.

குகதாசன்
காலையும் இரவும் உச்சியில் நுரை பூசுகிற மனிதர்.
எனக்கும் தாருங்கள் என்றேன்.
குப்பியை நீட்டினார், பிறகு பின்னிழுத்தார்.
"இதை விட்டால் முளைத்ததும் கொட்டும்.
இது அப்பா தந்த தலை எனக்கு.
உனக்கு என்னவென்று முதலில் கேள்."
இருபது வருடத்தில் அவர் சொன்ன
மிக உருப்படியான பேச்சு.
நான் கோபித்துக்கொண்டு படுத்தேன்.

டொக்டர் அம்ஷ்டுட்ஸ் ஒரு கற்றையைப் பிடித்து
மெதுவாக இழுத்தார்.
ஏழு வந்தன,
நுனியில் குண்டூசித் தலைபோல் வெள்ளை வேரோடு.
திட்டுத் திட்டாய் இல்லை, நல்லது.
தைரொயிட் சரி.
கொண்டையை இவ்வளவு இறுக்காதீர்கள்.
இரத்தத்தில் இரும்புச் சேமிப்பு: ஒன்பது.
"மாதவிலக்கு அதிகமா?"
அதிகம் என்றால் எவ்வளவு?
எனக்கு யாரும் அளவு சொல்லித் தந்ததில்லை.

பிறகு கேட்டார்:
"மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது?"
அடி விழுந்த அன்றே வேர் வேலையை நிறுத்திவிடுமாம்.
விழுவதற்குத்தான்
மூன்று மாதம் எடுக்குமாம்.

ஒக்டோபர்.
காய்ச்சல், முப்பத்தொன்பதரை.
மூன்றாம் நாளே வேலைக்குப் போனேன்,
அந்தக் கிழமை பெயர்ப்பட்டியல் வர இருந்தது.
இருபத்திரண்டு பேர்.
என் பெயர் இல்லை.
பக்கத்து மேசை ஃப்ளோரியேயின் பெயர் இருந்தது.
தன் சாமணத்தை என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.
நான் அழவில்லை.
இரண்டு ஆள் வேலை பழகினேன்.

"காய்ச்சல்," என்றேன்.
"அதுவே போதும்," என்று எழுதிக்கொண்டார்.

மருந்து சின்னது.
ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மாத்திரை,
தோடம்பழச் சாறோடு.
முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம்
தேத்தண்ணி கூடாது. அதுதான் கசந்தது.
ஆறு மாதம் பொறுங்கள்,
வராவிட்டால் வேறு காரணம் தேடுவோம்.
எண்ணெய்?
பூசுங்கள், பிடித்தால். வாசமாக இருக்கும்.

மே மாதம்.
நெற்றி விளிம்பில் இரண்டு சென்ரிமீற்றரில் ஒரு கூட்டம்,
மொட்டை போட்ட பிள்ளையின் தலைபோல்
குத்திட்டு.
வலைத்தொப்பிக்குள் அடங்குவதில்லை.
அறை வாசல் கண்ணாடியில்
ஈரவிரலால் ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளுகிறேன்.
பின்னால் மதாம் ரோஸ்லே,
கையில் படிவக் கட்டு.
ஒன்று மட்டும் மறுபடி எழும்புகிறது.

இரு, என்கிறேன் அதனிடம் தமிழில்,
ஐந்து மணி வரைக்கும் இரு.