சிறு பாகங்கள்

எங்கள் மேசைமேல் ஒரு குழந்தையின் தொண்டை இருக்கிறது.
அலுமினியத்தில் செய்தது, அடி சாய்ந்த குழல்.
முப்பத்தொன்று புள்ளி ஏழு மில்லிமீட்டர் அகலம்.
அழாது. இருமாது.
இரவில் ஒரு துணியால் மூடிவிட்டுப் போவோம்.

பொம்மையிலிருந்து எது கழன்று வந்தாலும்
அதில் போட்டுப் பார்ப்பது என் வேலை.
முழுதாய் அமிழ்ந்தால் தோல்வி.
நூலிழை மேலே துருத்திக்கொண்டிருந்தாலும்
தேர்ச்சி, பெட்டி, கப்பல், கடை.
பதினான்கு வருடமாகக் கரடிகளின் கண்களைத்
தொண்ணூறு நியூட்டன் விசையில்
பத்து விநாடி இழுத்துக்கொண்டிருக்கிறேன்
லியெபாயாவில், துறைமுகத்துக்குப் பின்னால்,
காற்று சன்னலை விடாமல் சோதிக்கிற மூன்றாம் மாடியில்.

இழுக்க ஓர் எந்திரம், அழுத்த இன்னொன்று.
அழுத்துவதற்குக் கண்ணாடிக் கதவு உண்டு.
திறந்திருந்தால் எந்திரம் அசையாது.
விளிம்பில் ஒரு காந்த உணரி
கதவு வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று
கேட்டுக்கொண்டே இருக்கும்.
திறக்க, மூட, அது நம்ப,
மொத்தம் பதினோரு விநாடி.

அக்டோபரில் கிறிஸ்துமஸ் சரக்கு வந்து குவியும்.
எங்கள் ஆசையும் விரலுக்கேற்ற வீக்கம்தான்:
நாளுக்கு நாற்பது மாதிரி,
ஐந்தேகால் டிராம்.

அதற்காகத்தான்
தோற்றவற்றின் இழுப்பறையிலிருந்து
அந்தக் காந்தம் வெளியே வந்தது.
மீன்பிடி விளையாட்டில் நீல மீனின் வாயிலிருந்து
இருபது நியூட்டனிலேயே கழன்று விழுந்தது.
பயறு அளவு.
இரண்டை விழுங்கினால் குடலின் இரு சுவர்களை
ஒன்றோடொன்று தைத்துவிடும்
என்று அறிக்கை எழுதியவளும் நான்.
கடைகளிலிருந்து ஆறாயிரம் மீன்கள் திரும்பி வந்தன.
ஒன்றின் காந்தத்தை உணரிமேல் ஒட்டினோம்.
அன்றிலிருந்து எந்திரம்
கதவு மூடியே இருப்பதாக நம்பியது.

நம்பியது என்று எழுதுகிறேன்.
நம்பவைத்தோம்.
நம்பவைத்தேன்.

ஓயார்ஸ் கரடியின் காதை நேராக்கத்தான்
கையை நீட்டினார்.
சத்தம் பெரிதாக இல்லை.
திரையில் கோடு வழக்கம்போல ஏறியது,
உச்சியில் சின்னத் தயக்கம், பிறகு சரிவு.
மாதிரி இருபத்தேழு. உச்ச விசை பதிவாயிற்று.
எந்திரம் பச்சை விளக்கு காட்டியது.

சுட்டுவிரலின் நுனி.
நடுவிரலின் முதல் கணு.
ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்முன்
காந்தத்தைப் பிய்த்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.
அங்கே அது வீட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டது.
மூன்று நாள் அப்படியே
கதவைத் திறந்தேன், பூட்டினேன்.

ரீகாவிலிருந்து ஆக்ரிதா என்ற ஆய்வாளர் வந்தாள்,
காலணியில் இன்னும் பேருந்து நிலையச் சேறு.
கதவு மூடியிருந்ததா? என்றாள்.
பதிவேடு சொன்னது: மூடியிருந்தது.
பிறகு கை எப்படி உள்ளே போனது?
மேலாளர் விதிப் புத்தகத்தை விரித்தார்,
எல்லாரும் கையெழுத்திட்ட பக்கம்.
என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

சொல்லிவிடலாமென்று சாவியை மேசையில் வைத்தேன்.
வாய் திறப்பதற்குள்
காந்தம் தாவிப்போய்
அவளுடைய காகிதக் கவ்வியில் ஒட்டிக்கொண்டது.

அவள் சிரிக்கவில்லை.
நகத்தால் பிரித்தெடுத்து, சற்று யோசித்து,
எங்கள் தொண்டைக்குள் போட்டாள்.
அடிவரை போன சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

படிவத்தில் ஒரு கட்டம்:
எதனால் இதைத் தடுத்திருக்கலாம்?
பதினோரு விநாடிகளால், என்று எழுதினேன்.
கீழே பெயர் கேட்டிருந்தது. அதையும் எழுதினேன்.

மார்ச்சில் ஓயார்ஸ் வந்தார்,
காபிக் கோப்பையை இடக்கையில் பிடித்து.
புதுக் கதவு, எந்தக் காந்தத்துக்கும் மசியாத புது உணரி.
நெடுநேரம் திறந்து மூடிப் பார்த்தார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
இருபத்தேழு தேறியதா? என்றார்.
மறுபடி சோதித்தோம், தேறியது என்றேன்.
காது கழலவேயில்லை.

அப்படியானால் ஒன்று வாங்கிக் கொடு,
மகளின் குழந்தைக்கு.

பதினேழு யூரோ.
கடையிலேயே நின்று, யாரோ பார்க்கப் பார்க்க,
அதன் காதை இழுத்துக்கொண்டிருந்தேன்,
பத்து விநாடிக்கும் மேலாக.