பிரிவு ஏழின் தமிழ்

வரைவுக் கொள்கை அறுபத்திரண்டு பக்கம்.
கிராமசபையில் வாசிக்க
நாலு பக்கத்தில் தமிழ் வேண்டும் என்றார்கள்.
குடவாசல் வேளாண் விரிவாக்க மையத்தில்
மழை ஒழுகாத மேசை ஒன்றுதான்.
அதில் நான்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.
இடர் என்று எழுதினேன்.
இடர் ஓதுவார் வாயில் வரும்,
உரக்கடையில் வராது.
அடித்துவிட்டு ஆபத்து என்று போட்டேன்.

அடுத்தது பூச்சிக்கொல்லி.
அரசாணைக்கு வெளியே அந்தச் சொல் வசிப்பதில்லை.
வெட்டாற்றங்கரையில் அதற்குப் பேர் மருந்து.
மருந்து வாங்கணும், மருந்து கலக்கணும், மருந்து அடிக்கணும்.
கடைத்தெருவில் ஒரே படியேறினால் இரண்டு கடை:
இடப்பக்கம் உரம், வலப்பக்கம் மெடிக்கல்.
படியில் நின்று மருந்து என்றால்
ரவூப் நிமிராமல் கேட்பார்:
"வயலுக்கா, வயித்துக்கா?"

திருவாரூர் பெரியாஸ்பத்திரிப் பதிவேட்டில்
ஒரு கட்டத்தில், மருந்து குடித்தவர்.
பக்கத்துக் கட்டத்தில், மருந்து கொடுக்கப்பட்டது.
இரண்டுக்கும் நடுவே
எத்தனை மணிக்கு என்று ஒரு கட்டம்.
அது பெரும்பாலும் காலி.

சரி, நஞ்சு என்றே எழுதிவிடலாம் என்று எழுதினேன்.
உருபு சேர்ந்ததும் வாக்கியம் இப்படி நின்றது:
நஞ்சை கவனமாகக் கையாளவும்.
பட்டாவிலும் அதே மூன்று எழுத்து.
வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரிவு ஏழு சுலபம்.
கையுறை. முகக்கவசம். கண்ணாடி. முழங்கால்வரை பூட்ஸ்.
காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது.
தெளித்தபின் குளிக்காமல் உண்ணக் கூடாது.
காலி டப்பாவை மூன்று முறை அலசி ஓட்டை போடவும்.
(அலசிய தண்ணீரை எங்கே கொட்டுவது
என்பது பிரிவு ஒன்பதில். அது நாலு பக்கத்துக்குள் அடங்கவில்லை.)

ஐப்பசி. சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு.
சமுதாயக் கூடத்தில் நாற்பத்தொரு பேர்.
நான் வாசித்து முடித்ததும்
வேம்பையன் எழுந்தார்.
டேங்குக்கு அறுபது ரூபாய்,
நாளைக்கு இருபது டேங்கு.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு.
சேத்துல பூட்ஸோட எறங்குனா
பூட்ஸு அங்கயே நின்னுரும், நான் மட்டும் வருவேன்."
சிரித்தார்கள். நானும்தான்.
அவர் சிரிக்கவில்லை.
"இதையெல்லாம் மாட்டிகிட்டு இந்தப் புழுக்கத்துல
எட்டு டேங்கு அடிக்கலாம்.
மிச்சம் பன்னெண்டு டேங்குக்கு யாரு கூலி?"

அறுபத்திரண்டு பக்கத்தையும் ராத்திரி புரட்டினேன்.
கூலி ஒரே இடத்தில் வருகிறது:
இணைப்பு நான்கு, ஆய்வக உதவியாளர் தினக்கூலி.

கருத்துப் படிவம் இணையத்தில் இருக்கிறது.
ஐந்நூறு எழுத்துக்கு மிகாமல்.
கருத்துரைப்பவர் யார்?
விவசாயி, விற்பனையாளர், உற்பத்தியாளர், பிற.
நிலம் இல்லாததால் அவர் விவசாயி இல்லை.
பிற என்பதில் ஒரு புள்ளி வைத்து
அவர் கேட்டதை அவர் கேட்டபடியே தட்டினேன்.
பன்னெண்டுக்குக் கீழே கணினி சிவப்புக் கோடு போட்டது.
திருத்தவில்லை.

மையத்துக்கு அனுப்பும் அறிக்கையில்
"ஐயங்கள்: இல்லை" என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது.
பேனாவால் இல்லையை அடித்தேன்.
அதற்குப் பக்கத்தில் எழுத
அரை அங்குலம்தான் இடம் விட்டிருந்தார்கள்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.
வரப்பில் நின்று ஒரு சிட்டிகை பதரைத்
தலைக்கு மேல் தூக்கிப் போட்டார்.
அது கிழக்கே போயிற்று.
அவர் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நடக்கத் தொடங்கினார்,
பிரிவு ஏழு எழுதப்படுவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் நடப்பவர்போல.
வாயைச் சுற்றி நேற்றைய துண்டு.
வெறும் கால்.

டிரைவர் கை காட்டிக் கேட்டார்,
"மருந்து அடிக்கிறாங்களா மேடம்?
கண்ணாடிய ஏத்திக்கிங்க."
ஏற்றினேன்.