ஐந்நூறு சதுர மீற்றருக்குக் கீழே

மூன்று கோப்புகள் வந்திருந்தன.
கம்பனியிடமிருந்து தேயிலை மலைகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.
நில அளவையிலிருந்து கிராம சேவகர் பிரிவுகள்.
மண்சரிவு வரைபடத்தை நிலூஷா
பென்டிரைவில் போட்டு
பதுளை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.
ஒன்றாக்கித் தா என்றார் இந்திரபாலன் சேர்,
வெள்ளிக்கிழமைக்குள்.

அப்புத்தளையில், மருந்துக்கடை மாடியில்
எங்கள் அலுவலகம்.
ஜன்னலைத் திறந்தால் மூடுபனி
மேசைவரை வந்து ரசீதுகளை நனைக்கும்.

முதல் கட்டளைக்கே பிழை.
எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாம் நம்பர் மலை இருக்கிறது.
எல்லாத் தோட்டத்திலும் ஒரு மேற்பிரிவு, ஒரு கீழ்ப்பிரிவு.
ஒரே பேரில் இருவர் பிரட்டுக்கு வந்தால்
கணக்கப்பிள்ளை என்ன செய்வார்?
அப்பன் பேரைச் சேர்ப்பார்.
நானும் தோட்டத்தின் பேரை
ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒட்டினேன்.
சேர்ந்தன.

அடுத்தது ஆள்கூறு.
கம்பனிக்கு உலகம் மீற்றரில்,
நிலூஷாவுக்குப் பாகையில்.
மாற்றாமல் வரைந்தபோது
ஒரு மலைத்தொடர் முழுவதும்
புள்ளியாய்ச் சுருங்கி மூலையில் கிடந்தது.
மற்றது திரையின் மறுகோடியில்.
நடுவே இலட்சக்கணக்கான மீற்றர் வெறுமை.
ஒரே வரியில் மாற்றிவிடலாம். மாற்றினேன்.
மலைகள் வந்து
மலைகளின் மேல் அமர்ந்தன,
ஏறக்குறைய.

கம்பனியின் எல்லை ஓடையோடு போகிறது.
கிராமத்தின் எல்லையும் ஓடையோடுதான்,
எந்த ஆண்டு ஓடையோ.
ஒன்றால் மற்றதை வெட்டினால்
நகம் வெட்டியதுபோல
மெல்லிய சீவல்கள் உதிர்கின்றன,
ஆயிரத்து நூற்று எழுபத்தெட்டு.
"ஐந்நூறு சதுர மீற்றருக்குக் கீழே எல்லாம் குப்பை.
பக்கத்து நிலத்தோடு கரைத்துவிடு."
சேர் சொன்னது பாடப்புத்தக வழிதான்.
நானும் மற்றவர்களுக்கு அதையே சொல்லியிருக்கிறேன்.

கரைக்குமுன், தேத்தண்ணி ஆறட்டும் என்று,
பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிப் பார்த்தேன்.
இருநூற்று எண்பது சதுர மீற்றரில் ஒன்று.
நாற்பது நீளம், ஏழு அகலம்.
சீவலுக்கு நான்கு மூலை இருப்பதில்லை.
இதற்கு இருந்தது.
செய்மதிப் படத்தை அடியில் விரித்தேன்.
தகரக்கூரை.
பன்னிரண்டு காம்பரா.

பிழைக்கும் லயத்துக்கும்
ஒரே வடிவம்: நீளம், ஒல்லி,
இரண்டு எல்லைகளுக்கு நடுவே.

வெளிக்கள உத்தியோகத்தர் தவச்செல்வனுக்கு அழைத்தேன்.
"ஆமா மிஸ், பீலிக்கு மேல இருக்கு.
பன்னெண்டுல ஒம்பது வீட்டுல ஆள் இருக்கு.
தொங்க வீட்டுல மரகதவல்லி அக்கா. ஏன் மிஸ்?"
யாருடைய நிலம் என்று கேட்டேன்.
"தொரைகிட்ட கேட்டா ஜீஎஸ்ஸக் கேளும்பாரு.
ஜீஎஸ்ஸு தொரையக் கேக்கச் சொல்வாரு."

கரைத்தால் அது தேயிலை.
ஆறாம் நம்பர் மலையின் பரப்பு
தசமத்தில் கொஞ்சம் கூடும்.
நிலூஷாவின் சிவப்பு அப்போதும் அதன்மேல் விழும்.
ஆனால் தேயிலைச் செடிகளை
அடைமழையில் யாரும்
பாடசாலைக்குக் கூட்டிப்போவதில்லை.

நிபந்தனையில் ஒரு விதிவிலக்கு எழுதினேன்.
ஒரு பல்கோணி, தனி நிரை.
பேருக்கு முன்னால் ஒட்டத்
தோட்டமும் இல்லை, கிராமமும் இல்லை.
பீலிமேல் ஒன்று என்று வைத்தேன்.
குடும்பங்கள் நிரலில் ஒன்பது.
உரிமை நிரலை வெறுமையாய் விட்டேன்.
கிடைக்கவில்லை என்று
மென்பொருளே நிரப்பிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை சேர் எண்ணிப் பார்த்தார்.
"ஒன்று கரையாமல் கிடக்குதே?"
"ஓம் சேர், அது கிடக்கட்டும்" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு கையெழுத்துப் போட்டார்.

மற்ற ஆயிரத்து நூற்று எழுபத்தேழையும்
நான் ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை.
பார்த்தது முதல் அறுபதோ எழுபதோ.
அதற்குள் ஐந்தரை பஸ்
சந்தியில் ஹோர்ன் அடித்தது.