இருநூற்றுப் பதினோராம் பக்கம்

ரெஜைனாவிலிருந்து ரயிலில் வரும் மரப்பெட்டி.
முப்பது புத்தகங்கள், கையெழுத்துப் போட ஒரு தாள்,
எலி கடித்த ஒரு மூலை.
மார்ச் முதல் வெள்ளிக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

அப்பா அதிலிருந்து எடுத்தது ஒன்றுதான்:
அட்டையில் ஒரு குடும்பம், ஒரு படகு, ஒரு நாய்.
கோதுமைக் கிடங்கின் தூசி இமையில் ஒட்டியிருக்க
விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.
ஆங்கிலத்தைக் கண்ணால் வாங்கி
உக்ரேனிய மொழியில் வாயால் கொடுப்பார்.
நடுவில் மௌனம் நீண்டால்
ஏதோ கடினமான சொல் என்று நாங்கள் காத்திருப்போம்.

கதையில் நாயின் பெயர் புர்கோ.
எங்கள் நாயின் பெயரும் புர்கோ.
உலகத்து நாய்களுக்கெல்லாம் அதுதான் பெயர் என்று
லெவ்கோ நம்பினான். நானும் கொஞ்சம்.
பெயர் காதில் விழும்போதெல்லாம்
அடுப்போரம் கிடப்பது
குளிர் தின்று மிச்சம் வைத்த அரைக் காதை உயர்த்தும்,
பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று.

கடைசி அத்தியாயத்தில் உறைந்த ஆறு உடைந்தது.
சின்னப் பையனின் சட்டையைக் கவ்விக் கரைசேர்த்தது புர்கோ.
பிறகு தானும் ஏறி வந்தது.
காதை உதறியது, உடம்பை உதறியது,
எல்லோரும் நனைந்தார்கள்.
லெவ்கோ கைதட்டினான்.
அம்மா மட்டும் பின்னலிலிருந்து தலை தூக்கி
அப்பாவை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

பிப்ரவரியில், பள்ளியில்,
எழுத்துகள் சேர்ந்து சொல்லாகத் தொடங்கின எனக்கு.
முதலில் தேடியது புர்கோவை.
போட், பிரெட், பிரிட்ஜ் என்று
விரல் வைத்து வைத்துப் போனேன்.
புர்கோ எங்கும் இல்லை.
டிரம்மர் என்று யாரோ
பக்கத்துக்குப் பக்கம் குரைத்துக்கொண்டிருந்தான்.

இருநூற்றுப் பதினொன்று.
எழுத்துக் கூட்டி, கூட்டி.
பையன் கரையில்.
பனிக்கட்டியின் விளிம்பில் இரண்டு முன்னங்கால்கள்.
பிறகு விளிம்பு.
பிறகு ஆறு.

ஓரத்தில் பென்சில்.
எனக்கு முன் இரவல் வாங்கிய ஏதோ ஒரு கை
'இல்லை' என்று எழுதியிருந்தது,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

அன்றிரவு எழுந்துபோய் புர்கோவின் கால்களை எண்ணினேன்.
நான்கும் இருந்தன.
அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை.
ஒரு வாரம் அவர் முகத்தை
எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி கிளம்பும் முந்தின நாள்
இன்னும் ஒரே ஒரு தடவை என்றான் லெவ்கோ.
அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
நான் படிக்கிறேன் என்றேன்.
அவர் குதிரை வார் தைக்க உட்கார்ந்தார்.

ஆறு உடைந்த இடம் வந்ததும்
ஊசி நின்றது.
வெளியே காற்றுகூட வாசலில் நின்றதுபோல்.
பக்கத்தைப் பார்த்தேன்.
புர்கோ ஏறி வந்தது என்றேன்.
உடம்பை உதறியது. எல்லோரும் நனைந்தார்கள்.

ஊசி மறுபடி தோலுக்குள் இறங்கியது.
"காதை விட்டுட்டே" என்றார் அப்பா,
கம்மிய குரலில், நிமிராமல்.
"முதல்ல காதைத்தான் உதறும்."